நின்றுபோன வண்டியும் நிற்காத பேச்சும்



மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா, கூடாதா என்னும் கேள்வி இப்போது நிக்காஹ் வீட்டுப் பந்தலிலும் கேட்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போதும் கேட்கிறது. "ஓலாவா? அதன் பக்கமே போகாதீர்கள்" என்கிறார் ஒருவர். "என் மருமகன் இரண்டு வருடமாக ஓட்டுகிறார், பெட்ரோல் பங்க் வாசலை மிதித்ததே இல்லை" என்கிறார் அடுத்தவர். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். இருவர் கண்டதும் உண்மைதான். அப்படியானால் வாங்கப்போகும் மூன்றாமவர் யாருடைய சொல்லைக் கேட்பது?

நம் பகுதியினருக்கு இது தொலைதூரத்துச் செய்தியும் அன்று. திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் பக்கத்தில்தான் போச்சம்பள்ளி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்தில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. அதற்கான உடன்படிக்கை தமிழக அரசுடன் 2020 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. முதலீடு 2,400 கோடி ரூபாய் என்றார்கள். 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டினால் முன்பதிவு என்று அறிவித்தபோது ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பணம் கட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், இந்தத் தொழிற்சாலையை முழுக்கவும் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்ற அறிவிப்பும் வந்தது. வானம் பார்த்த பூமியில் பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் என்றால் மகிழாத வீடு எது?

இந்தப் பின்னணியில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தைப் பார்க்க வேண்டும். கணவர் வபாத்தாகிவிட்டார். மகன் நகரத்து பேக்கரியில் பன்னும் ரஸ்கும் எடுத்துக் கிரிவலப் பாதையிலுள்ள தேநீர்க் கடைகளுக்குப் போடுகிறார். பாதையின் சுற்று 14 கி.மீ.; நகருக்குள் போய்வருவதையும் சேர்த்தால் அன்றாடம் 40 கி.மீ. ஓட்டம். பௌர்ணமியன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் முன்தினமே இரண்டு நடை. பெட்ரோலுக்கு நாளொன்றுக்குத் தொண்ணூறு ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மின்சார வண்டிக்கு அதே தூரத்திற்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் போதும். மாதம் இரண்டாயிரம் மிச்சம் என்று கணக்குப் பார்த்து, மகளுக்கென்று வைத்திருந்த இரண்டு வளையல்களை விற்று முன்பணம் கட்டி வண்டி எடுத்திருக்கிறார்கள். ஏழாம் மாதம் வண்டி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் விட்டு 52 நாள் ஆயிற்று. கேட்டால் "பாகம் வரவில்லை" என்ற ஒரே பதில். தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. மகன் வாடகைக்கு ஒரு பழைய மொபெட் எடுத்து ஓட்டுகிறார்.

சகோதரியின் கேள்வி வண்டியைப் பற்றியது மட்டுமன்று. வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. மகனின் நண்பர்கள், "ஆம்பூரில் செய்ததுபோல நடுரோட்டில் வைத்துக் கொளுத்து, படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பு, அப்போதுதான் வழிக்கு வருவார்கள்" என்கிறார்கள். சாச்சாவோ, "பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் உள்ளே போன வண்டி வெளியே வராது, வாயைத் திறக்காதே" என்கிறார். உறவில் ஒரு பெண் மின்சார வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவள், "கம்பெனி பேரைக் கெடுத்து எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் காலா" என்று போனில் அழுதிருக்கிறாள். யார் சொல்வது சரி?

சகோதரி குறிப்பிட்டுள்ள நிறுவனத்தின் பெயரை நாம் இங்கே அச்சிடப்போவதில்லை. ஒரு தரப்பின் கடிதம் மட்டுமே நம் கையில் இருக்கிறது. அரசின் ஏட்டிலும் ஊரறிந்த செய்தியிலும் பதிவானதைப் பெயர் சொல்லிப் பேசத் தடையில்லை. அந்த வகையில் ஓலாவின் கதை நாட்டிலேயே அதிகம் விவாதிக்கப்பட்டது என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். மூன்று கட்சிக்கும் அதில் விடை இருக்கிறது.

2022 மார்ச்சில் புனே நகரில் நிறுத்தி வைத்திருந்த ஓலா வண்டியொன்று தீப்பற்றிய காட்சி நாடெங்கும் பரவியது. அடுத்த மாதம் நிறுவனம் 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. அதே ஏப்ரலில்தான் ஆம்பூர் நிகழ்ச்சி. மருத்துவத் தொழிலிலுள்ள ஒருவர், வண்டி வழியில் நின்றுபோன ஆத்திரத்தில் பெட்ரோல் ஊற்றித் தம் புது வண்டிக்குத் தாமே தீ வைத்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிவதாகப் புகார்கள் தொடர்ந்தன. 2023 மார்ச்சில் விருப்பமுள்ளோர்க்கு இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் இன்னொன்று வெளிவந்தது. மத்திய அரசின் மானியம் பெறுவதற்கு வண்டியின் விலைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்றதால் வண்டியின் விலை அந்த வரம்புக்குள் நின்றது. அரசு கேள்வி கேட்டது. வாடிக்கையாளர்களிடம் சார்ஜருக்கு வாங்கிய சுமார் 130 கோடி ரூபாயைத் திருப்பித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏத்தர், டிவிஎஸ் முதலிய நிறுவனங்களும் இதே வகையில் பணம் திருப்ப நேர்ந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு விற்பனை குறைந்ததா என்றால் இல்லை. 2023-24 நிதியாண்டில் ஏறத்தாழ 3.3 லட்சம் வண்டிகள் விற்றன. 2024 ஏப்ரலில் நாட்டில் விற்ற மின்சார ஸ்கூட்டர்களில் பாதிக்கு ஓலாவின் பெயர். ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 76 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு இரண்டு வாரத்துக்குள் இரு மடங்கானது. விற்ற வண்டிகள் பெருகப் பெருக அவற்றைப் பழுது பார்க்கும் இடங்களும் ஆட்களும் பெருகவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருந்தது.

2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில் 26 வயது இளைஞர் ஒருவர் ஷோரூமுக்கே தீ வைத்தார். வண்டி வாங்கிய சில நாட்களிலேயே பழுது. பலமுறை அலைந்தும் தீரவில்லை. அவரும் ஒரு மெக்கானிக் என்பதுதான் வேதனை. கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்குத் தம் சொந்த வண்டியைத் தொட வழியில்லை. வண்டிகள் எரிந்தன, அவர் கைதானார். அவர் குடும்பத்துக்கு அதனால் என்ன கிடைத்தது?

அடுத்த மாதம், 2024 அக்டோபர் 6 அன்று, மேடை நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா ஒரு படத்தைப் பொதுவெளியில் வைத்தார். சர்வீஸ் சென்டர் வாசலில் புழுதி படிந்து வரிசையாய் நின்ற ஓலா வண்டிகளின் படம். நாட்கூலிக்காரர்களின் வாழ்வாதாரம் அல்லவா இது என்பது அவர் கேள்வி. நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வால், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாரா என்ற தொனியில் பதில் சொன்னார். வந்து எங்களுக்கு வேலை செய்யுங்கள், நீங்கள் சம்பாதிப்பதைவிட அதிகம் தருகிறேன் என்றும் சீண்டினார். வாடிக்கையாளருக்கு அங்கே ஒரு சொல் இல்லை. மறுநாள் பங்கின் விலை 8 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. கடைத்தெருவில் எந்தச் சின்ன வியாபாரியும் செய்யாத பிழை இது. வாங்கியவர் பொருளோடு வாசலில் நிற்கும்போது, அவரை அழைத்து வந்தவரோடு சண்டையிடுவதா?

அக்டோபர் 7 அன்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் 10,644. அவற்றில் சர்வீஸ் தாமதம் பற்றியவை 3,389. வண்டி ஒப்படைப்பதில் தாமதம் 1,899. சொன்ன சேவையைச் செய்யாதவை 1,459. இவற்றில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டன என்று நிறுவனம் பதில் தந்தது. ஆணையம் அதோடு விடாமல் விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு குறைகள் சின்னஞ்சிறியவை, பாகம் தளர்ந்திருப்பது, மென்பொருள் பழகாதது போன்றவை என்று தலைவர் நவம்பரில் விளக்கினார்.

இந்த எண்ணிக்கையைச் சற்று நின்று யோசிக்கலாம். ஓராண்டில் 3.3 லட்சம் வண்டி விற்ற நிறுவனத்துக்குப் பத்தாயிரம் புகார் என்றால் நூற்றுக்கு மூன்று. முந்தைய ஆண்டுகளில் விற்றவற்றையும் சேர்த்தால் இன்னும் குறைவு. "பார்த்தீர்களா, தொண்ணூற்றேழு பேர் நன்றாகத்தானே ஓட்டுகிறார்கள்" என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் உதவி மையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் புகார் பதிகிறவர் நூற்றில் எத்தனை பேர்? பலரும் சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டிவிட்டு விதியை நொந்து திரும்புகிறவர்கள்தாம். ஆகவே மருமகனின் வண்டி ஓடுகிறது என்பதும் உண்மை, மற்றவர் சொன்ன எச்சரிக்கையும் உண்மை. சின்னக் குறை என்னும் சொல்லையும் நம்மால் அப்படியே விழுங்க முடியவில்லை. தளர்ந்த பாகம் ஒன்றுதான். அதை இறுக்க ஒரு மாதம் ஆனால், பன் கூடை சுமக்கும் பிள்ளைக்கு அது சின்னக் குறையா?

நம் பக்கத்தில் டிவிஎஸ் 50 மொபெட் ஓடாத சாலை இருந்ததில்லை. 1980இல் வந்த வண்டி. புளியமரத்தடியில் ஒரு பெட்டியும் நாலு ஸ்பேனரும் வைத்திருப்பவர் அதைப் பிரித்து மாட்டிவிடுவார். பிளக்கைத் துடைத்து, கார்ப்பரேட்டரை ஊதி, பத்து நிமிடத்தில் கையில் தருவார். மின்சார வண்டியில் பிளக்கும் இல்லை, கார்ப்பரேட்டரும் இல்லை. ஆகவே பழுதாகும் இடங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பழுது வந்துவிட்டால் அது பெரும்பாலும் மின்னணுப் பலகையிலோ, பேட்டரியைக் காவல் காக்கும் சுற்றிலோ, மென்பொருளிலோ இருக்கும். அதைக் கண்டறியும் கருவி நிறுவனத்திடம்தான் உண்டு. பாகமும் அவர்களிடம்தான். ஓலா முகவர்கள் மூலம் விற்காமல் தன் சொந்தக் கடைகள் மூலமே நேரடியாக விற்றது. முகவர் என்று ஒருவர் உள்ளூரில் இருந்தால் முகத்துக்காகவாவது அவர் அலைவார். நம் தெருவில் அவரும் நடக்க வேண்டுமே! அது இல்லாதபோது வாங்கியவர் ஒரு தொலைபேசிக் குரலோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

இதற்காகத்தான் பழுதுபார்க்கும் உரிமை என்னும் பேச்சு உலகெங்கும் எழுந்தது. கைப்பேசி நிறுவனமான ஆப்பிள், பழைய பேட்டரியுள்ள போன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போனே பழசாகிவிட்டது என்று எண்ணிப் பலர் புதிது வாங்கியிருந்தார்கள். 2020இல் பிரான்சு அரசு இதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டு, பழுது பார்க்கும் விவரக் குறிப்பும் உதிரிப் பாகமும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையவாசலும் திறந்தார்கள். ஆனால் புளியமரத்தடி வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இது உயிர்ப் பிரச்சினை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் மாண்டார்கள். அது ஒகினாவா நிறுவனத்தின் வண்டி. சார்ஜ் போட்ட முறையில் கவனக்குறைவு என்றது நிறுவனம்; எனினும் அடுத்த மாதம் 3,215 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. லித்தியம் பேட்டரியில் ஓர் அறை மிகச் சூடானால் அந்தச் சூடே பக்கத்து அறையைப் பற்றவைக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. இந்த விபத்துகளுக்குப் பின் அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் எந்த மாதம் செய்த வண்டி என்று கேட்டே வாங்குங்கள். எந்த நிறுவனத்து வண்டியானாலும், படுக்கும் அறையிலும் வாசற்படியை மறித்தும் சார்ஜ் போட வேண்டாம். வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சூடு ஆறும் முன் செருகவும் வேண்டாம்.

இனி அந்த மூன்று கட்சிக்கு வருவோம். கொளுத்தச் சொல்லும் நண்பர்களுக்கு: எரிந்த வண்டியில் எந்தப் பாகம் பழுது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. தவணை எரியாது, அது மட்டும் அப்படியே நிற்கும். ஊர் பெயரும் ஆண்டும் இல்லாத தீப்பிடித்த படங்களை அனுப்புவதும் அப்படித்தான். கேட்டதையெல்லாம் பரப்புவது தகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்தது நிறுவனங்களின் விஷயத்திலும் பொருந்தும். உங்கள் வண்டிக்கு நேர்ந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். அதைச் சொல்ல எவருக்கும் அஞ்ச வேண்டாம்.

வாய் திறக்காதே என்னும் சாச்சாவுக்கு: 10,644 பேர் வாய் திறந்ததால்தான் நோட்டீஸே பிறந்தது.

தொழிற்சாலைப் பெண்ணின் கண்ணீர்தான் நமக்குக் கடினமாய் இருந்தது. அவள் அச்சம் பொய்யன்று. 2025 மார்ச்சில் ஓலா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கிறது என்ற செய்தி வந்தது. அந்த ஆண்டில் பங்கு வெளியீட்டு விலைக்கு வெகு கீழே கிடந்தது. விற்பனையில் டிவிஎஸ், பஜாஜ், ஏத்தர் முந்திக்கொண்டன. டிவிஎஸ், ஏத்தர் இரண்டும் அதே மாவட்டத்து ஓசூரில் வண்டி செய்பவை என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள் சகோதரி. போச்சம்பள்ளியில் இழந்த பெயர் ஓசூரில் வேலையாக மாறியது. பாகம் இல்லாமல் 52 நாள் வண்டியை நிறுத்தியவர்கள்தாம் பெயரைக் கெடுத்தவர்கள்; வளையல் விற்று வாங்கிய உங்கள் குடும்பம் அன்று.

செய்ய வேண்டியது இதுதான். சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்ட நாளுக்கு ஜாப் கார்டு வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள். தர மறுத்தால், மறுத்த நாளைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் தலைமையகத்துக்குப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம். பிறகு 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையத்தில் புகார் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை எழுதி வையுங்கள். பலருக்கும் அந்தக் கட்டத்திலேயே வண்டி வந்துவிடுகிறது. வராவிட்டால் திருவண்ணாமலையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சட்டம் மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவும் இழுக்கும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இடையில் பொறுமையிழந்து வெளியில் பேட்டரியைப் பிரித்துவிடாதீர்கள். உத்தரவாதமும் போகும், சாட்சியும் போகும்.

நிறுவனத்தின் வக்கீல் ஒரு வாதம் வைக்கக்கூடும். இவர் வியாபாரத்துக்கு வண்டி வாங்கியவர், ஆகவே நுகர்வோர் அல்லர் என்பார். அஞ்ச வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தாமே பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே மகன் தம் கையால் வண்டி ஓட்டிப் பன் போட்டுப் பிழைப்பதை எழுதிவிடுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வாடகை மொபெட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் இன்று முதல் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்குங்கள். அந்தத் தொகையையும் நஷ்டஈட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.